மூக்கை வெட்டும் முன் தீனியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றி அண்மையில் வந்த குறிப்பைப் படித்தேன். கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கினால் மூக்கின் நுனியை வெட்டிவிட வேண்டும் என்பதைத்தான் முதல் வழியாகப் போட்டிருந்தீர்கள். தீனியைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி: 'சரிவிகிதத் தீவனம் அளிக்கவும்.' எங்கள் பக்கத்துக் கோழிகளுக்கு அந்த ஒரு வரிதான் விஷயமே. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். கோழி மூக்கைப் போல இதையும் வெட்டிவிடாமல் போட்டால் சந்தோஷப்படுவேன்.

நான் குடவாசல் வட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கொல்லையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேயும். பண்ணை வைத்தவள் இல்லை. முட்டையும், விருந்தாள் வந்தால் குழம்பும், அவசரத்துக்கு விற்றால் கொஞ்சம் காசும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் வளர்ப்பது போலத்தான் நானும் வளர்க்கிறேன். உங்கள் வேளாண் பக்கத்தில் ஆயிரம் கோழிக்காரர்களுக்குத்தான் எழுதுகிறீர்கள். பத்துக் கோழிக்காரிகள்தான் நாட்டில் அதிகம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டெல்டாவில் கோழி எப்போது இறகைப் பிடுங்க ஆரம்பிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் இந்தப் பேச்சே வராது. அறுத்த வயல் தரிசாகக் கிடக்கும், கோழி காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வரும். வெட்டுக்கிளி, புழு, சிந்திய பயறு, புல் நுனி என்று கண்டதைக் கொத்தும். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால் நமக்கு விவசாயம் தொடங்கும், கோழிக்குச் சிறைவாசம் தொடங்கும். முதலில் நாற்றங்கால். பக்கத்து வீட்டு நாற்றங்காலில் நம் கோழி இறங்கினால் அன்றைக்குத் தெருவே வேடிக்கை பார்க்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. கொல்லையெல்லாம் தண்ணீர் நிற்கும், கோழி திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் ஒண்டிக் கிடக்கும். மழை விட்டுத் தை பிறந்தால் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்பே கதிர் நிற்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். ஈரமண்ணில் கிடக்கும் விதையைக் கோழி விடுமா? மறுபடியும் கூடை, மறுபடியும் அடைப்பு.

அடைத்து வைத்த காலத்தில் அதற்கு நாம் போடுவது என்ன? குருணை. நெல். பழைய சோறு. மிஞ்சிய இட்லி. நெற்களஞ்சியத்தில் இருக்கிறோம், வேறென்ன போடுவோம்? 2011 ஜூனிலிருந்து ரேஷனில் புழுங்கலரிசி விலையில்லாமலும் கிடைக்கிறது. அதைக் கோழிக்குப் போடுகிறோம் என்று நான் எழுதவில்லை, நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. முட்டையிடும் கோழிக்குத் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு நாட்டுக்கோழி நாளைக்கு 80 முதல் 100 கிராம் தீனி எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 15 கிராம் புரதம். அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம்தான். 90 கிராமும் குருணையாகவே தின்றாலும் 7 கிராமைத் தாண்டாது. ஒரு நாட்டுக்கோழி முட்டைக்குள் மட்டும் சுமார் 5 கிராம் புரதம் போய்விடுகிறது. மிச்சத்தில் கோழி உடம்பையும் காப்பாற்றி இறகையும் வளர்க்க வேண்டும். பழைய சோறு என்றால் இன்னும் மோசம். முக்கால்வாசி தண்ணீர். 100 கிராம் சோற்றில் 2, 3 கிராம் புரதம் இருந்தால் அதிகம். இரைப்பை புடைத்துக்கொண்டு நிற்கும், 'வயிறு நிறைஞ்சிடுச்சு' என்று நாமும் நிம்மதியாகப் போய்விடுவோம்.

இறகு எதனால் ஆனது? ஏறக்குறைய 90 சதவீதம் புரதம். அதுவும் சாதாரணப் புரதம் இல்லை, கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் (புரதத்தை ஆக்கும் கூறுகள்) நிறைந்த கெரட்டின். கோழியை வைக்கோல் தீயில் வாட்டும்போது ஒரு நாற்றம் வருமே, தலைமுடி கருகினாலும் வருமே, அது அந்தக் கந்தகத்தின் வேலைதான். இந்த அமிலங்களில் மெத்தியோனின் என்பதைக் கோழியின் உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாது. தீனியில்தான் வர வேண்டும். பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் அதன் தேவை இன்னும் கூடும். நம் கோழி இறகு மாற்றுவதும் அடைமழையும் ஒன்றாக வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

புரதம் போதாத கோழி சும்மா நிற்காது, தேடும். வெளியே விட்டிருந்தால் புழு தேடியிருக்கும். அடைத்து வைத்த இடத்தில் கண்ணுக்கு எதிரே இருப்பது அடுத்த கோழியின் வால்தான். முதலில் ஒன்று வாலடியில் கொத்தும். முளைத்து வரும் குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும். அது ஒடிந்து ஒரு சொட்டு வெளியே வந்தால் போதும், சிவப்பைப் பார்த்து எல்லாம் கூடிவிடும். அதற்கப்புறம் அது பசி இல்லை, பழக்கம். பிடுங்கிய இறகைச் சில கோழிகள் விழுங்கவே செய்யும். பச்சை இறகு அதற்குச் செரிக்காது என்பதுதான் கொடுமை. குருணையில் நார் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாரில்லாத தீனி தின்னும் கோழிகள் இறகைக் கொத்துவது அதிகம், தவிடும் கீரையும் சேர்த்தால் குறையும் என்பது ஆராய்ச்சியிலும் பார்த்த விஷயம்தான்.

எல்லா மொட்டையும் இறகு பிடுங்குவதால் வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு சின்னம்மா ஓடி வந்து, "எல்லாம் கொத்திக்கிட்டுச் சாவுது, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால் முதுகில் மட்டும்தான் இறகு தேய்ந்திருந்தது, பிடரியில் கொஞ்சம். "சின்னம்மா, சேவல் எத்தனை வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். ஐந்து பெட்டைக்கு மூன்று சேவல். அது சேவல் மிதித்த தேய்மானம். புண்ணாக்கு போட்டுத் தீராது, இரண்டு சேவல் குழம்புக்குப் போனால் தீரும். இறகு மாற்றம் என்றால் தலை, கழுத்து என்று மேலிருந்து வரிசையாக உதிரும், கீழே முள்முள்ளாகப் புது இறகு தெரியும். அடைக்கோழிக்கு நெஞ்சுப்பக்கம் இறகு குறைவது இயல்பு. ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை, அதற்கு மருந்து வேறு. வாலடியிலும் முதுகின் பின்பக்கத்திலும் இறகு முறிந்தும் பிடுங்கியும் தோல் சிவந்தும் இருந்தால்தான் நான் சொல்லும் கதை.

இனி என்ன போடுவது? அதைத்தான் உங்கள் குறிப்பில் தேடினேன்.

முதலில் எள்ளுப் புண்ணாக்கு. கோடையில் எள் போடும் ஊர்க்காரர்களுக்குச் செக்கடியிலேயே கிடைக்கும். 35 முதல் 40 சதவீதம் வரை புரதம் இருக்கும். நம் புண்ணாக்குகளிலேயே மெத்தியோனின் நிறைந்தது இதுதான். ஆனால் லைசின் என்ற இன்னொரு அமிலம் இதில் குறைவு. கடலைப் புண்ணாக்கில் மொத்தப் புரதம் 40-க்கு மேல், ஆனால் மெத்தியோனின் குறைவு. உளுந்திலும் பயறிலும் லைசின் நன்றாக இருக்கும், மெத்தியோனின் குறைவு. ஆக ஒன்றை மட்டும் அள்ளிப் போடுவதைவிட இரண்டு மூன்றைக் கலந்து போடுவதில்தான் பலன். சத்துணவில் சோற்றை மட்டும் போட்டுப் பிள்ளைகளை அனுப்பாமல் பருப்பையும் முட்டையையும் சேர்த்தார்களே, 2010-லிருந்து வாரம் ஐந்து முட்டை என்று ஆக்கினார்களே, அதே கணக்குத்தான் அந்த முட்டையைப் போடுகிறவளுக்கும்.

கருவாடு இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, மீனில் எல்லா அமிலமும் இருக்கிறது. ஆனால் உப்பு! நாகப்பட்டினம் பக்கமிருந்து எங்கள் ஊருக்குக் கருவாட்டுக்கூடை கொண்டு வரும் அக்காவிடம், "கோழிக்குப் போடணும், உப்பில்லாம குடுங்க" என்றால், "கோழிக்கு அம்புட்டுச் செல்லமா?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, உப்பிடாமல் வெயிலில் காய்ந்த பொடிமீனைத் தனியாகக் கட்டிக்கொண்டு வந்தும் கொடுப்பார். உப்புக் கருவாட்டை அப்படியே போட்டால் கோழி தண்ணீராகக் கழியும், தாகத்தில் தவிக்கும், அதிகமானால் செத்தும் போகும். அதே சமயம் உப்பே இல்லாத தீனியும் கொத்துவதற்கு ஒரு காரணம்தான். வெறும் குருணை தின்னும் கோழிக்கு உப்பு எங்கிருந்து வரும்? ஒரு கிலோ தீனிக்கு 3 கிராம் அளவு உப்பு போதும், ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி.

நான் பத்துக் கோழிக்குக் கலப்பதைச் சொல்லிவிடுகிறேன், அடைப்புக் காலத்துக்கு மட்டும். குருணை அரை கிலோ, தவிடு 200 கிராம், எள்ளுப் புண்ணாக்கு 75 கிராம், கடலைப் புண்ணாக்கு 75 கிராம், உப்பில்லாத மீன்தூள் 50 கிராம். எல்லாம் சேர்ந்து 900 கிராம். கூட்டிப் பார்த்தால் 16 சதவீதத்தை ஒட்டிப் புரதம் வரும். மீன் வேண்டாம் என்கிற வீட்டில் எள்ளுப் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டி, உளுந்து புடைக்கும்போது விழும் நொறுங்கலை வேகவைத்துச் சேர்க்கலாம். பயறு வகை எதையும் நான் பச்சையாக அளவுக்கு மீறிப் போடுவதில்லை. மொச்சை மாதிரிப் பெரிய பயறுகளை வேகவைக்காமல் போடவே கூடாது, பச்சையில் நச்சுச்சத்து உண்டு. சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சலை உடைத்துத் தனியாக ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துவிடுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். தவிட்டை மட்டும் மில்லிலிருந்து அவ்வப்போது வாங்க வேண்டும். அதில் எண்ணெய்ச்சத்து இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும், காறிய தவிட்டைக் கோழி தொடாது.

கடலைப் புண்ணாக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைக் கொட்டை எழுத்தில் போட்டாலும் தகும். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் புண்ணாக்கு பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் ஆகாது. அந்தப் பூஞ்சணம் விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் திண்டாடினார்கள். பிரேசிலிலிருந்து போன பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்குத்தான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது. இந்த நஞ்சையே உலகம் அப்போதுதான் அறிந்தது. வாத்துக்குஞ்சுக்கு இது இன்னும் சீக்கிரம் ஏறும், வாத்து வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கழுவினாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பச்சையாகவோ சாம்பலாகவோ பூத்திருந்தால், மக்கிய வாடை அடித்தால், காசைப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள். மாட்டுக்குப் போடலாமே என்று நினைக்காதீர்கள், பாலில் வரும்.

கறையானைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு எல்லாம் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயந்திரம் கறையான் ஓட்டம் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கறையான். வெயில் ஏறும் முன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை எழுதுகிறவர்கள் மேட்டுநிலத்து ஆட்கள் என்று எனக்குச் சந்தேகம். புதுக்கோட்டைச் செம்மண்ணில் இது நடக்கும். எங்கள் களிமண்ணில், கணுக்கால் தண்ணீரில், கார்த்திகை மாதம் பானையைக் கவிழ்த்தால் தவளைதான் வரும். பங்குனியில் தென்னந்தோப்பு மேட்டில் வைத்தால் கறையான் கிடைக்கும். அப்போது கோழி வெளியே திரிந்து தானாகவே தின்றுகொண்டிருக்கும், நமக்கு வேலையே இல்லை.

மழைக்காலத்தில் எங்களுக்குக் கிடைப்பது நண்டும் நத்தையும்தான். வரப்பை ஓட்டை போட்டு நாசம் செய்யும் வயல் நண்டைப் பிடித்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, உரலில் தட்டிப் போட்டால் கோழி அடித்துக்கொண்டு தின்னும். புரதமும் ஆச்சு, ஓட்டில் சுண்ணாம்புச் சத்தும் ஆச்சு. கட்டாயம் வேகவைக்க வேண்டும், குடல்புழு வரும் வழி அது. குருணை மருந்தோ தெளிப்பு மருந்தோ போட்ட வயல் நண்டைத் தொடக்கூடாது. மருந்து போட்டது யார் வயல் என்று கேட்டுக்கொண்டுதான் நான் பிள்ளைகளை அனுப்புவேன்.

தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சின்னச் செடி விஷயத்தில் நான் கொஞ்சம் ஊருக்கு மாறாகப் பேசுகிறேன். காய்ந்த அசோலாவில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருப்பது உண்மை. ஆனால் நாம் காயவைத்தா போடுகிறோம்? தொட்டியிலிருந்து வடித்து அப்படியே போடுகிறோம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் புரதம் 15 கிராம் தேறினால் பெரிது. கீரைக்குக் கீரையாக ஒரு கைப்பிடி போடலாம், நல்லதுதான். அது இருந்தால் புண்ணாக்கே வேண்டாம் என்பது கணக்குத் தெரியாத பேச்சு. அதைவிட முருங்கைக்கீரை மேல், நம் கொல்லையிலேயே நிற்கிறது. ஒரு கொத்து ஒடித்துக் கோழி எக்கிக் கொத்தும் உயரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். தொங்கவிட்டால் அரை நாள் அதோடு மல்லுக்கட்டும். கொடிக்காலில் கழிக்கும் அகத்திக்கீரையைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்து போடாதீர்கள். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்லது, கோழிக்கு ஆகாது.

இந்த மல்லுக்கட்டு முக்கியம். கோழி வெளியே இருந்தால் பகலில் பெரும்பகுதி கிளறிக்கொண்டும் கொத்திக்கொண்டும்தான் இருக்கும். அடைத்து வைத்து ஒரு தட்டில் தீனி வைத்தால் சீக்கிரமே தின்று முடித்துவிட்டு மிச்ச நேரம் என்ன செய்யும்? அந்த மூக்குக்கு வேலை வேண்டும். அதனால் புண்ணாக்குத் தூளையோ மீன் துணுக்கையோ தட்டில் வைக்காமல், கொட்டகையில் வைக்கோலைப் பரப்பி அதற்குள் தூவிவிடுவேன். கிளறிக் கிளறித் தின்னட்டும். ஒரு மூலையில் சாம்பலும் காய்ந்த மணலும் கொட்டி வைத்தால் அதில் புரண்டு பேனையும் உதறிக்கொள்ளும்.

அப்புறம் இந்தத் தின்பண்டம். இதில்தான் எங்கள் வீட்டிலேயே எனக்கு எதிர்க்கட்சி. பேரன் மிக்சர் போடுவான், பிஸ்கட் போடுவான், மகன் டீக்கடை வடையைப் பிய்த்துப் போடுவான். கோழி ஓடி ஓடித் தின்பதைப் பார்த்தால் யாருக்கும் போடத்தான் தோன்றும். தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரிச் சில்லறை போகக்கூடாது. கடைத்தீவனம் வாங்கிப் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 18 சதவீதப் புரதமுள்ள தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கி, 'பாவம், சோறும் கொஞ்சம் தின்னட்டுமே' என்று அதே அளவு குருணையைப் போட்டால் மொத்தம் பன்னிரண்டரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். வாங்கிய காசில் பாதி அங்கேயே போச்சு. ஆசைக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் புரதமுள்ளதாகப் போடுங்கள். ஓட்டோடு நன்றாக நொறுக்கிய அவித்த முட்டை, மீன் கழுவும்போது விழும் கழிவை வேகவைத்தது, பால் திரிந்துவிட்டால் அந்தத் திரிவு. முட்டையை முட்டை என்று அடையாளம் தெரியாமல் நொறுக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டில் இருக்கும் முட்டையை உடைக்கக் கற்றுக்கொள்ளும். பேரனிடம் இப்போது வேகவைத்த உளுந்து நொறுங்கலைத்தான் கொடுத்து அனுப்புகிறேன். மிக்சர் அவனுக்கு மட்டும்.

நல்லது என்று அளவுக்கு மீறிப் புண்ணாக்கைக் கொட்டவும் வேண்டாம். உடம்பு எடுத்துக்கொள்ளாத புரதம் எச்சத்தில் போகும். தரை ஈரமாகும், கண் எரியும் நெடி வரும், மழைக்காலத்தில் அதுவே சளிக்கு வழி.

ரத்தம் வந்த கோழியை அந்த நிமிடமே பிரித்துவிட வேண்டும், தீனி வேலை செய்யும் வரை காத்திருக்கக் கூடாது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, புண் ஆறிய பிறகு சேருங்கள். தலைமை தாங்கிக் கொத்தும் கோழி ஒன்று இருக்கும், அதையும் சில நாள் தனிக்கூடையில் கவிழ்த்தால் திரும்பி வரும்போது கொஞ்சம் அடங்கியிருக்கும். அடியோடு பிடுங்கிய இடத்தில் சில வாரங்களில் புது இறகு முளைக்கும். பாதியில் முறிந்து அடிக்கட்டை நிற்கும் இடத்தில் அடுத்த இறகு மாற்றம் வரை முளைக்காது. 'புண்ணாக்கு போட்டும் மொட்டையாத்தான் இருக்கு' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் தோலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இப்போது மூக்கு வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நாமக்கல் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் கூண்டில் அடைத்து வளர்க்கிறார்கள். அங்கே குஞ்சிலேயே சூடான கத்தியால் வெட்டுகிறார்கள், அது அவர்கள் தொழிலின் கட்டாயம். அந்தக் கோழிக்கு அளந்து கலந்த தீவனம் மூக்குக்கு நேரே வந்துவிடும். நம் கோழி அப்படியா? பூச்சியைப் பிடிப்பதும், மண்ணைக் கிளறி விதை பொறுக்குவதும், இறகைக் கோதிப் பேனை எடுப்பதும் அந்த மூக்கு நுனியால்தான். நுனியில் நரம்பு இருக்கிறது, வெட்டினால் வலிக்கும், வளர்ந்த கோழிக்கு வலி நீடிக்கவும் செய்யும். மூக்கு வெட்டிய கோழிக்குப் பேன் தொல்லை கூடுகிறது, கோத முடியாததால். பேன் கூடினால் அரிப்பு, அரிப்பு கூடினால் மறுபடியும் இறகு சேதம். மழை விட்டதும் வெளியே மேய்ந்து தன் புரதத்தைத் தானே தேடிக்கொள்ளக்கூடிய ஜீவனின் கருவியைப் பிடுங்கிவிட்டு, பிறகு நாம் காசு கொடுத்துத் தீவனம் வாங்குவதில் என்ன லாபம்? வாராவாரம் கோழிச்சந்தைக்கு வரும் ஆள் ஒருவர் எங்கள் தெருவில் நகவெட்டியை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறார். உங்கள் பத்திரிகையே சொல்லியிருக்கிறது என்று அவர் இப்போது பேசுவதைக் கேட்டுத்தான் எனக்குப் பேனா எடுக்கத் தோன்றியது.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் வேளாண் பக்கத்தில் பத்துக் கோழிக்கான கலவையை, கிராம் கணக்கில், நம் ஊரில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் போடுங்கள். குவிண்டால் கணக்கில் போட்டால் நாங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது, நமக்கு எட்டாத தூரம் இல்லை. அங்கே உள்ளவர்களிடம் கேட்டு, நான் சொன்ன கலவையில் திருத்தம் இருந்தால் அதையும் சேர்த்தே போடுங்கள். அரசுத் திட்டத்தில் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் இடங்களில் குஞ்சோடு இந்தக் கலவைச் சீட்டையும் கையில் கொடுக்கச் சொல்லி நீங்கள் எழுதினால், நான் மனு எழுதுவதைவிட விரைவில் நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. எள்ளுப் புண்ணாக்கோ மீன்தூளோ வாங்கப் போனால் மூட்டையாகத்தான் தருகிறார்கள். பத்துக் கோழிக்காரி மூட்டை வாங்கினால் பாதி பூஞ்சணத்துக்குப் போகும். உரமும் விதையும் விற்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் இவற்றை ஒரு கிலோ, இரண்டு கிலோ பொட்டலமாகப் போட்டு விற்றால், அடைமழை மாதங்களில் வாங்க எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது. கூட்டுறவுத் துறையின் கண்ணில் படும்படி இந்தப் பத்தியையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்.